எட்டு மணிக்குத் திறக்க அனுமதி

ஹார்க்ளிஃப் கவுன்சிலில் சூதாட்டக் கடைகளின் லைசென்ஸ் விண்ணப்பங்களைப் பார்ப்பது என் வேலை. பத்தொன்பது வருடமாக இதே நாற்காலிதான். ஊருக்கு நான் பெர்னிஸ். திட்ட வருகிறவர்களுக்கு மட்டும் மிஸ் ஸ்கோஃபீல்ட்.

கடல் தெருவில் மூடிக்கிடந்த செருப்புக்கடையில் ஒரு கம்பெனி சூதாட்ட மெஷின்கள் வைத்து, காலை எட்டு மணிக்கே திறக்க விண்ணப்பித்தது. சட்டப்படி ஜன்னலில் நோட்டீஸ் ஒட்டியாயிற்று. அக்கம்பக்கத்தார் இருபத்தெட்டு நாளுக்குள் ஆட்சேபம் எழுதலாம். எழுதினார்கள். அடேயப்பா, எப்படி எழுதினார்கள்! நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து, எல்லாம் ஒரே பாட்டு: சூதாட்டம் பாவம்.

ஒன்றுக்கும் உதவாது. எங்கள் கொள்கைப் புத்தகம் கேட்பது மூன்றே கேள்வி. குற்றம் வளருமா? ஆட்டம் நேர்மையாக நடக்குமா? குழந்தைகளுக்கோ, எளிதில் சிக்கிக்கொள்கிறவர்களுக்கோ கெடுதல் வருமா? இவற்றில் பழுதில்லை என்றால் அனுமதி கொடுத்தே ஆகவேண்டும். பாவத்துக்கு அதில் இடமே கிடையாது. இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத்தண்ணீர் வற்றிவிட்டது.

கையெழுத்து வாங்கியவள் ஜானிஸ் ஓல்ட்ராய்ட், அதே தெருவில் சலவைக்கடை வைத்திருப்பவள். தனியாக நாலு பக்கக் கடிதமும் கொடுத்திருந்தாள். மூன்றே முக்கால் பக்கம் பாவம். கடைசியில் ஒரு வரி: ‘எளிதில் சிக்கிக்கொள்கிறவர்கள் எங்கள் தெருவிலும் இருக்கிறார்கள்.’ அந்த ஒரு வரியால்தான் கடிதமே செல்லுபடியானது. அதற்கு மேலே இன்னொரு வரியைக் காகிதம் கிழியும் அளவுக்கு அடித்திருந்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை. யாரைப் பற்றியது? எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் கடைக்கே போனேன்.

“கடைசி வரியில யாரச் சொல்றீங்க ஜானிஸ்?”

“பொதுவா எழுதினேன்.” ஒரு போர்வையை உதறி மடித்தாள். “பாவம்னு எழுதியிருக்கேனே, போதாதா?”

“நாலு பக்கம் எழுதினாலும் பாவத்த யாரும் கணக்குல எடுத்துக்க மாட்டாங்க.”

“அப்ப என்ன எழுதணும்னு நீங்களே சொல்லுங்களேன்.”

“அத நான் சொல்லக் கூடாது. சட்டம் என்ன கேக்குதுன்னு மட்டும்தான் சொல்லலாம்.”

“நல்ல சட்டம் போங்க!” என்று துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கோபமா, பயமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

விசாரணை செவ்வாய்க்கிழமை காலை நடந்தது. மூன்று கவுன்சிலர்கள், தலைமை பெரில் அக்ராய்ட். கம்பெனி வக்கீல் பென்ரோஸ், கேமரா, காவலாள், வயதுச் சான்று என்று எல்லாவற்றையும் மளமளவென்று ஒப்பித்தார். ஜானிஸ் எழுந்து பாவத்திலிருந்து ஆரம்பித்தாள்.

“ஜானிஸ் கண்ணு,” என்று பெரில் இடைமறித்தாள். “பாவத்த நாங்க கணக்குல எடுக்க முடியாது. யாருக்குக் கெடுதல் வரும்? அதச் சொல்லும்மா.”

ஜானிஸ் கையிலிருந்த காகிதத்தை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“நான் சொல்றேங்க.” கடைசி வரிசையில் அவள் புருஷன் கீத் எழுந்து நின்றான்.

“இவர் ஆட்சேபம் எழுதல, பேச உரிமை இல்ல,” என்றார் பென்ரோஸ்.

எனக்குச் சுருக்கென்றது. விதிமுறை எனக்கா தெரியாது? “எழுதினவங்க தங்க சார்பா யார வேணும்னாலும் பேச வைக்கலாம்,” என்றேன். “ஜானிஸ், உங்களுக்காக இவர் பேசலாமா?”

அவள் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அந்த அடித்த வரி யாரைப் பற்றியது என்று. ஊர் முன்னால் புருஷன் பெயரைக் கெடுக்கக் கூடாதென்றுதான் நானூறு பேரைத் திரட்டியிருக்கிறாள், பாவி மகள்.

“பேசட்டும்,” என்றாள்.

“அந்தக் கடை வாசல்லதான் எங்க பஸ் ஸ்டாப்,” என்றான் கீத். “எட்டு இருபதுக்கு பஸ். நான் எட்டு பத்துக்கே வந்துருவேன். இதே மாதிரி மெஷின்ல ஒரு தடவ வீட்டையே தொலைச்சவன் நான். தொட்டு ரெண்டு வருஷமாச்சு. தினம் பத்து நிமிஷம், அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு, கையக் கட்டிக்கிட்டு நிக்கணும்ங்க. என்னால முடியாது. கடையே வேணாம்னு சொல்லல. என் பஸ் போற வரைக்கும் திறக்காதீங்க.”

பெரில் வக்கீல் பக்கம் திரும்பினாள். “ஏங்க, எட்டு மணிக்கே எதுக்குத் திறக்கணும்? அந்நேரத்துக்கு யாரு வருவா?”

“வேலைக்குப் போறவங்க, பஸ்ஸுக்கு நிக்கிறவங்க...” என்றவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். பெரில் அதைக் குறித்துக்கொண்டாள்.

அரைமணி கழித்து முடிவைப் படித்தேன். லைசென்ஸ் உண்டு. காலை பத்து மணிக்கு முன் கதவு திறக்கக் கூடாது. நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும்.

கீத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். “சாயங்காலம்? அஞ்சரைக்குத் திரும்பி வரப்பவும் அந்த வாசலத் தாண்டித்தானே போகணும்?”

பெரில் என்னைப் பார்த்தாள். நான் புத்தகத்தைப் பார்த்தேன். சாயங்காலம் முழுக்கப் பூட்டச் சொல்ல அதில் வழியில்லை.

ஜானிஸ் எழுந்து கோட்டு மாட்டிக்கொண்டாள். அன்று காலையிலிருந்து முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“அஞ்சரைக்கு நான் ஸ்டாப்ல வந்து நிக்கிறேன்,” என்றாள். “யாரு பாத்தாலும் பாத்துட்டுப் போகட்டும்.”