மைலுக்கு ஒன்பது விநாடி

எங்கள் பாய்மரப் படகு கிளப்பில் தன் படகை நல்ல படகு என்று சொல்கிறவர் ஒருவர்கூடக் கிடையாது. சந்தேகம் இருந்தால் ரேட்டிங் கூட்டத்தன்று மாடி ஹாலுக்கு வந்து பாருங்கள். ஒவ்வொருவராக எழுந்து நின்று, தன் படகைத் தானே வாய் கூசாமல் திட்டுவார்கள்.

"அது படகே இல்ல சார். மிதக்கிற பீரோ" என்பார் பல் டாக்டர்.

"என் பாயப் பாத்தீங்களா? ஜன்னலுக்குத் திரையாக்கூட ஆகாது" என்பார் மரக்கடைக்காரர்.

அடுத்தவர் படகு என்று வந்துவிட்டால் மட்டும் அப்படியே குரல் மாறிவிடும். "டாக்டர் படகு தங்கம் சார், என்னா வேகம்!" என்று மரக்கடைக்காரர் மெய்சிலிர்ப்பார். டாக்டர் பதறிப்போய், "ஐயையோ, கண்ணு வைக்காதீங்க" என்பார். அக்கம்பக்கத்தாரை இவ்வளவு மனசாரப் புகழ்கிற கூட்டத்தை நீங்கள் வேறெங்கும் பார்க்க முடியாது.

விஷயம் இதுதான். கிளப்பில் இருக்கிற பாய்மரப் படகுகள் ஒன்று மாதிரி ஒன்று இல்லை. ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்றுக்குப் பாய் பெரிது, ஒன்றுக்கு அடிவயிறு பெரிது. சும்மா போட்டி வைத்தால் நீளமானதே எப்போதும் ஜெயிக்கும். அதனால் கமிட்டி ஒவ்வொரு படகுக்கும் ஒரு ரேட்டிங் போடுகிறது: மைலுக்கு இத்தனை விநாடி. வேகமான படகுக்கு அதிகம், மந்தமான படகுக்குக் குறைவு. பந்தயம் முடிந்ததும் அவரவர் நேரத்தோடு அந்த விநாடிகளைக் கூட்டுவார்கள். முதலில் கரை சேர்ந்தவர் ஏழாவது ஆவார். எல்லோரும் குளித்துத் துணி மாற்றிய பிறகு வந்து சேர்கிறவர் கோப்பையைத் தூக்குவார். இதற்குப் பெயர் நியாயம்.

இந்த நியாயத்தின் மொத்தக் குத்தகைதாரர் என் வீட்டுக்காரர். அவர் தொழில் நில அளவை. வாரம் முழுக்க ஊரார் வீட்டு மனைகளை அளப்பார், ஞாயிற்றுக்கிழமை படகுகளை அளப்பார். ரேட்டிங் கமிட்டியில் மூன்று பேர்: தலைவரான ஜவுளிக்கடைக்காரர், எதற்கும் தலையாட்டுகிற செயலாளர், இவர். முதல் இரண்டு பேருக்கும் பெருக்கல் கணக்கு வராது. அதனால் இவர் வைத்ததுதான் சட்டம்.

அந்தக் கிளப்பில் படகு ஓட்டுகிற ஒரே பெண் நான். எனக்குப் பாய் இழுக்க உதவிக்கு வருகிறவள் என் நாத்தனார். அதாவது, எங்கள் படகில் ஒன்று அவர் பெண்டாட்டி, இன்னொன்று அவர் தங்கை. பெண்டாட்டிக்குச் சலுகை காட்டினான் என்று நாளைக்கு ஒரு வாய் சொல்லிவிடக் கூடாதாம். ஊர் வாய்க்குப் பயந்து ஒவ்வொரு வருடமும் என் படகுக்கு விநாடியை ஏற்றிக்கொண்டே வந்தார் மனுஷன். நான் முதலில் கரை சேர்வேன், கணக்குப் போட்ட பிறகு ஐந்தாவது ஆவேன். ஏற்றுவார். அடுத்த வருடமும் முதலில் சேர்வேன், எட்டாவது ஆவேன். மறுபடி ஏற்றுவார். வீட்டுக்கு வந்து, "நல்ல படகும்மா அது. அடிப்பாகம் அப்படி அமைஞ்சிருக்கு" என்று எனக்கு ஆறுதல் வேறு சொல்வார். வயிறு எரியும்.

நான் ஊரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். பிரேக்குக்கும் ஆக்ஸிலரேட்டருக்கும் வித்தியாசம் தெரியாதவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைக் கடக்கிறவள். எதிரே வருகிறவன் என்ன செய்யப்போகிறான் என்பது அவனுக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரியும். தண்ணீரிலும் அதே கதைதான். தூரத்தில் தண்ணீர் கொஞ்சம் கறுத்தால் அங்கே காற்று இறங்குகிறது என்று அர்த்தம். அது வந்து சேர்வதற்குள் நான் சுக்கானைத் திருப்பியிருப்பேன். பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஆனால் கிளப் விதிகளில் முதல் விதி என்ன தெரியுமா? விநாடி படகுக்குத்தான், ஓட்டுகிறவருக்கு இல்லை. எல்லோரும் நன்றாகவே ஓட்டுகிறார்கள் என்று கமிட்டி எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொண்டால், ஜெயிப்பது யார்? படகு!

எனக்குக் கோப்பை ஆசை விட்டுப்போய் வெகு நாளாயிற்று. "நீ நல்லா ஓட்டினே" என்று அந்தக் கிளப்பில் ஒரு வாய், ஒரே ஒரு வாய் சொல்ல வேண்டும். அது என் வீட்டுக்காரர் வாயாக இருந்தால் இன்னும் நல்லது. அவ்வளவுதான் ஆசை. அதற்குத்தான் இந்தப் பஞ்சம்.

இந்த வருடக் கூட்டத்திலும் வழக்கம்போல எல்லோரும் தங்கள் படகுகளைத் திட்டி முடித்தார்கள். என் முறை வந்தது.

"உங்க படகப் பத்தி என்னம்மா சொல்றீங்க?" என்றார் தலைவர்.

"ரொம்ப சாதாரணப் படகு சார்."

ஹால் முழுக்கச் சிரித்தது. இவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

"சிரிக்காதீங்க. யார் படகு இங்க ரொம்ப மோசம்? பல் டாக்டர் படகுதானே?"

"அதுல என்ன சந்தேகம்?" என்றார் டாக்டர் பெருமையாக.

"அப்ப வர்ற ஞாயித்துக்கிழமை மாத்திக்கலாம். என் படகுல நீங்க ஏறுங்க, உங்க பீரோவுல நான் ஏறுறேன். ஓட்டிப் பாத்துட்டு ரேட்டிங் போடட்டும்."

டாக்டர் முகத்தில் ஆயிரம் வாட் பல்பு எரிந்தது. என் படகின் மேல் அவருக்கு எத்தனை நாள் கண்ணோ! தலைவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "தடை எதுவும் இல்லை" என்றார், எனக்கு முன்பின் தெரியாதவர் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் படகில் ஏறினதும் நாத்தனார் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "அண்ணி, இவர் பொய்யே சொல்லல. நிஜமாவே பீரோதான்." அடியில் பாசி பிடித்துத் தாடி மாதிரி தொங்கியது. கயிறுகள் விறைத்துப்போய்க் கிடந்தன. சுக்கானைத் திருப்பினால், யோசித்துச் சொல்கிறேன் என்றது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமோ?

விசில் ஊதினார்கள். எல்லோரும் நடுவாந்திரமாகப் போனார்கள். நான் கரையை ஒட்டி இடது பக்கம் பிடித்தேன்.

"அங்க காத்தே இல்லையே அண்ணி!"

"இப்ப இல்ல. வரும். நீ பாயத் தளர்த்திப் பிடி."

வந்தது. கரையோரமாக வளைந்து வந்த காற்று எங்களைத்தான் முதலில் தொட்டது. முதல் மிதவையைச் சுற்றும்போது முன்னால் இரண்டே படகுகள். இரண்டாவது மிதவையில் அவையும் பின்னால். கடைசி நீட்டத்தில் கை தானாக வேலை செய்தது. அந்தப் பீரோவை இழுத்துக்கொண்டு நான்தான் முதலில் கரை சேர்ந்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, உப்புக்காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

என் படகை எடுத்துக்கொண்டு போன பல் டாக்டர் கடைசிக்கு முந்தின இடம். வழியில் ஒரு மிதவையோடு மோதிவிட்டு, அதனிடம் மன்னிப்புக் கேட்டதாக நாத்தனார் சத்தியம் செய்கிறாள்.

இனி யாரும் பூசி மெழுக முடியாது என்று நினைத்தேன். அடுத்த நாள் கமிட்டி கூடியது. என் வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முடிவை வாசித்தார்.

"பல் டாக்டரின் படகு இத்தனை வருடம் தன் உண்மையான வேகத்தை மறைத்து வந்திருப்பது பரிசோதனையில் தெரிய வருகிறது. அதற்கு மைலுக்குப் பதினான்கு விநாடி கூட்டப்படுகிறது. இரண்டாவது படகைப் பொறுத்தவரை, அவ்வளவு வேகமான படகைக் கையாள டாக்டருக்குப் பழக்கம் போதவில்லை. அதன் ரேட்டிங்கில் மாற்றம் இல்லை."

நாத்தனார் நாற்காலியிலிருந்து நழுவுகிற அளவுக்குச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடப்பாவி மனுஷா, பன்னிரண்டு வருடமாக உனக்கு நான் யார்? மிதவையா?

ஆனால் அன்றைக்கு எனக்கு முன்னால் வெடித்தவர் பல் டாக்டர். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"என் படகு குப்பை சார்! குப்பை! பதினாலு விநாடியா? அந்தப் படகுல ஒரு மண்ணும் இல்ல. ஓட்டினது அந்தம்மா! அவங்க ஏறினா கதவுப் பலகைகூட முதல்ல வரும். காத்து வர்றதுக்கு முன்னாடியே அவங்களுக்குத் தெரியுது சார். பின்னாடியே இருந்து பாத்தேனே! நாமெல்லாம் அவங்க கால் தூசிக்குக் காணுமா? கண்ணு இருக்கறவன் யாராவது சொல்லுங்க!"

அப்புறம் மரக்கடைக்காரர் மெல்ல எழுந்தார். நாளைக்கு நான் அவர் படகில் ஏறிவிட்டால் அவருக்கும் பதினான்கு விழுமே! "டாக்டர் சொல்றது நெசம். அந்தம்மாதான்" என்றார். அவ்வளவுதான், ஆளாளுக்கு எழுந்தார்கள். என்ன புகழ்ச்சி, என்ன புகழ்ச்சி! அந்தம்மா கை ராசி, அந்தம்மா கண்ணு கழுகு, அந்தம்மா திறமைக்கு முன்னால் நாங்கள் எம்மாத்திரம். வருடக்கணக்காக ஏங்கின வார்த்தை எல்லாம் அடைமழையாகக் கொட்டியது. ஒவ்வொருவரும் தன் படகைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசினார்கள். தெரிந்தும் எனக்குக் காது குளிர்ந்தது. வெட்கம் கெட்ட காது.

தலைவர் கையமர்த்தினார். "சரி. ஆளுதான் காரணம்னா, விதிய மாத்திடுவோம்."

மூன்று பேரும் பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே என் வீட்டுக்காரரின் குரல் மட்டும் கொஞ்சம் உயர்ந்து கேட்டது. திரும்பி வந்து புது விதியை வாசித்தார்கள். டாக்டர் படகுக்குப் பழைய ரேட்டிங்கே. என் படகுக்கு ஏற்றினது எல்லாம் ரத்து, அது சாதாரணப் படகுதான். ஆனால் நான் எந்தப் படகில் ஏறினாலும் அந்தப் படகுக்கு மைலுக்கு ஒன்பது விநாடி கூடும். ஆட்சேபம் இருந்தால் ஒரு வாரத்துக்குள் கூட்டத்தில் சொல்லலாம்.

வீட்டுக்கு வந்ததும் கார் சாவியை மேஜையில் விட்டெறிந்தேன்.

"ஏங்க, பக்கத்து அறையில என்ன சத்தம்? எனக்காகப் பேசினீங்களாக்கும்?"

"ஆமா" என்றார் சட்டையைக் கழற்றிக்கொண்டே.

"அவங்க எவ்வளவு போடணும்னாங்க?"

"அஞ்சு."

"நீங்க?"

"ஒன்பது."

மனுஷன் சட்டையை உதறி ஹேங்கரில் மாட்டினார். திரும்பி என்னைப் பார்த்தார். முகம் சிவந்திருந்தது.

"அஞ்சுன்னா என்னம்மா அர்த்தம்? உன்ன என்னன்னு நினைச்சானுங்க? நானும் எல்லா வருஷக் கணக்கையும் எடுத்துப் போட்டுப் பாத்துட்டேன். படகக் கழிச்சா, காத்தக் கழிச்சா, மிச்சம் நீதான். ஒன்பது வருது. அஞ்சுன்னு எழுத எனக்குக் கை வரல."

"இத்தன வருஷம் ஏன் வாயத் திறக்கல?"

"ஆளுக்குப் போட விதி இல்லையே" என்றார்.

அடித்துவிடலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். கோபம்தான். கோபம் மட்டும்தான் என்று சொன்னால் அது பொய்.

நாத்தனார் விடுகிற மாதிரி இல்லை. "அண்ணி, ஆட்சேபம் சொல்லுங்க. ஒன்பது விநாடிய வச்சுக்கிட்டு இந்த ஜென்மத்துல ஜெயிக்க முடியாது. எந்திரிச்சு நின்னு, எனக்கு ஒண்ணும் தெரியாது, எல்லாம் குருட்டாம்போக்குன்னு சொல்லுங்க. ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டா மூணா குறைச்சிடுவாங்க." கூட்டத்துக்கு நான் கார் ஓட்டிக்கொண்டு போகிற வழியெல்லாம் பாடம் எடுத்தாள். கண் மங்குது, தோள்பட்டை வலிக்குது, காற்று எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

ஹால் நிறைந்திருந்தது. நான் எழுந்து நின்றேன். எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். அவர்களுக்குப் பழகின காட்சிதானே. இவ்வளவு நாளும் படகைத் திட்டினார்கள், நான் என்னைத் திட்டப்போகிறேன்.

"சொல்லுங்கம்மா. தயங்காம சொல்லுங்க. நீங்க ஓட்டுறதுல என்னென்ன குறை?" என்றார் தலைவர் கனிவாக.

"எனக்குக் கண்ணு..." என்று ஆரம்பித்தேன். நாத்தனார் தலையை ஆட்டி ஊக்கம் கொடுத்தாள். என் வீட்டுக்காரர் பேனாவை மூடி வைத்துவிட்டு, எங்கே குறைத்துச் சொல்லிவிடுவேனோ என்கிற மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கண்ணு நல்லா தெரியுது. ஒன்பது போதாது சார். பன்னெண்டு போடுங்க."

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். தலைவர் இவரைப் பார்த்தார். இவர் கணக்கை எடுத்து, ஒரு முறை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "பத்துக்கு மேல கணக்கு இடம் கொடுக்கல" என்றார். பத்து என்று எழுதிக்கொண்டார்கள்.

அந்த வருடம் நடந்த எல்லாப் பந்தயத்திலும் நான்தான் முதலில் கரை சேர்ந்தேன். கோப்பை பல் டாக்டருக்குப் போனது.