பின்னறையைத் தவிர

அந்த முதியோர் ஹோமில் அபூசாலிக்குப் பிடித்த சாமான் ஒன்றே ஒன்று, அவருடைய கட்டில். மற்றதெல்லாம் குறைதான். எல்லாருக்கும் பிரஷர் என்று சொல்லி உப்பில்லாமல் சமைக்கிறார்கள். சுவர்க் காற்றாடி அவர் பக்கம் வருவதில்லை. எதிர்க் கட்டிலில் கிடக்கிற றெமிஜியஸின் பக்கம்தான் திரும்பி நிற்கிறது என்பது அவருடைய முடிவு. ஹோமுக்குப் பொறுப்பாக இருக்கிறவளின் பேர் சித்தி லைலா, மெதுவாகக் கதைக்கிறவள். மெதுவாகக் கதைக்கிற ஆட்களை அவர் நம்புவதில்லை. கட்டில் மட்டும் சரி. ஜன்னலோரம். கடல் இரைச்சல் கேட்கும். அதில் படுத்தால் யாரும் வந்து தலைமாட்டில் நிற்பதில்லை.

சுனாமிக்குப் பிறகு யாரோ கட்டிக் கொடுத்து, என்னத்துக்கென்று தெரியாமல் பூட்டிக் கிடந்த கட்டடம் அது. கல்முனை பஸ் நிலையத்திலிருந்து த்ரீவீலில் வந்துவிடலாம். ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். முஸ்லிம், வேதக்காரர், சைவர் எல்லாம் கலந்துதான் கிடக்கிறார்கள். விடிந்தால் மருந்து, பிறகு தேத்தண்ணி, பிறகு யாருடைய பிள்ளை வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பது. அபூசாலி வாசலைப் பார்ப்பதில்லை. அவரை யாரும் கொண்டுவந்து விடவில்லை. தானாக வந்தவர்.

பெரிய நிலக்காரப் போடிமாரின் வயலை, பங்குக்கு வேலை செய்கிற முல்லைக்காரனாக நின்று செய்து, பிறகு சொந்தமாகக் கொஞ்சம் வயல் எடுத்து, மூன்று பெண்மக்களுக்கும் வீடு கொடுத்த மனிதன். அந்தப் பக்கத்தில் அதுதான் முறை. பெண்ணுக்கு வீடு, வீட்டுக்கு மாப்பிள்ளை. கடைசி மகள் நஸ்லினுக்கு, சம்மாந்துறையில் தான் குடியிருந்த வீட்டையே பெருப்பித்துக் கொடுத்தார். வேலை செய்த மேசன், பின்னறையை மட்டும் உங்கட பேரில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னான். அபூசாலிக்குக் கோபம் வந்தது. குறை வைத்துக் கொடுத்தான் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லமாட்டார்களா? அறையோடு, கிணற்றோடு, தென்னையோடு முழுசாக எழுதிக் கொடுத்தார்.

மனைவி சரீபா இருந்தவரைக்கும் அப்படி எழுதிக் கொடுத்ததன் விளைவு தெரியவில்லை. அவள் மௌத்தான பிறகு பின்னறை போனது, பேத்திக்குப் படிக்க அது வேண்டும் என்று. பிறகு மண்டபத்தில் படுத்தார். கடைசியில் விறாந்தையில் ஒரு சாய்மனைக் கதிரை. மருமகன் ஸப்ரியின் கூட்டாளிமார் வந்தால் அதையும் விட வேண்டும். எழும்பு என்று ஒருவரும் சொன்னதில்லை. வந்து நிற்பார்கள். அவர் எழும்பிவிடுவார்.

ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு நஸ்லின் வந்தாள். பேத்தி றுஸ்தாவுக்குக் கல்முனையில் மாப்பிள்ளை பேசுகிறார்களாம். நல்ல இடமாம், புடவைக்கடைக்காரர்களாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வருகிறார்களாம். சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டாள். ஓரத்தில் நரை தெரிந்தது.

"கலியாணம் முடியிற வரைக்கும் ஊட்ட வந்து இரிங்க வாப்பா. மூத்தாப்பா எங்க எண்டு கேட்டா நான் என்னத்தச் சொல்ற?"

"ஹோம்ல எண்டு சொல்லு."

"சொல்லேலாது வாப்பா. பொம்புளப் புள்ளட விஷயம்."

மிச்சமிருக்கிற வயலையும் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று அவர் நினைத்தார். கேட்டும் விட்டார். அவள் கோபப்படக்கூட இல்லை. வயல் வேண்டாம், நீங்கள் வந்து உட்கார்ந்தால் போதும் என்றாள். பிறகு அவருடைய மெத்தையைக் கையால் அமத்திப் பார்த்தாள். ஏன் பார்க்கிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை.

சித்தி லைலா மெதுவாக ஒரு விஷயம் சொன்னாள். கிழமைக் கணக்கில் வெளியே நின்றால் கட்டிலை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள், அதுதான் ஹோம் சட்டம். வீரமுனையிலிருந்து செல்லத்தம்பி என்ற மனிதர் வந்து அந்த ஜன்னலோரத்தைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அபூசாலி அதோடு முடிவெடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை மட்டும் போவது, பொழுதுபட்டு மஃரிப் தொழுகிறதுக்கு முன் திரும்பிவிடுவது.

அந்த அரைநாளுக்கும் அவருக்கு நம்பிக்கை இல்லை. முறைத் தண்ணீர் காலத்தில் வாய்க்கால் வாயை விட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது தண்ணீர் அடுத்தவன் வயலில் நிற்கும். போவதென்றால் நம்முடைய ஆள் ஒருவனை மண்வெட்டியோடு அங்கே இருத்திவிட்டுத்தான் போக வேண்டும். றெமிஜியஸ் பஸ் ஓட்டிய மனிதர், வேதக்காரர், சண்டைக்காரர், அபூசாலியை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிறவர். ஆனால் இருந்த இடத்தை விட்டு அசையமாட்டார்.

"றெமி, நான் வாற வரைக்கும் நீ என்ட கட்டில்ல படு."

"அப்ப என்ட கட்டில்ல ஆரு படுக்கிற காக்கா?"

"ஒன்ட கட்டில ஆரு கேக்கிற? கக்கூசு வாசல்ல கிடக்கு."

வெள்ளிக்கிழமை மண்டபத்து நடுக் கதிரை அபூசாலிக்குக் கிடைத்தது. வெள்ளைச் சேட்டு, புதுச் சாரன், தொப்பி. ஸப்ரி தானே வந்து கொலரைச் சரிபார்த்துவிட்டுப் போனான். மாப்பிள்ளை வீட்டார் வர முதல் அவர் முகம் கழுவப் பின்பக்கம் போனார். பின்னறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே நஸ்லினுடைய தையல் மெசின், ஸப்ரியின் உடுப்புப் பெட்டி, இரண்டு பாய், சுருட்டிய மெத்தை. மாப்பிள்ளை வீட்டார் இன்னும் சரி என்று சொல்லவே இல்லை, அதற்குள் நஸ்லினும் ஸப்ரியும் வீட்டை மகளுக்கு விட்டுப் பின்னறைக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். அவருக்கு அப்போதுதான் மெத்தையை அமத்திய கை ஞாபகம் வந்தது.

மாப்பிள்ளையின் மாமா அச்சிமுகம்மதுதான் கதைத்தார். வயதாளி, ஹாஜியார். நெல் விலை, வெயில், வரும் வழியில் றோட்டு வெட்டிக் கிடப்பது எல்லாம் கதைத்து முடிந்தது. வட்டிலப்பமும் முடிந்தது. பிறகு அவர் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"அப்ப ஊடு வளவு முழுசாப் புள்ளட பேர்லதானே?"

"ஓம் ஹாஜியார், முழுசாத்தான்," என்றான் ஸப்ரி.

"பின்னறையைத் தவிர," என்றார் அபூசாலி.

ஸப்ரி சிரித்தான். மாமனாருக்கு வயசு போய்விட்டது, குழம்பிக் கதைக்கிறார் என்று சொன்னான். அபூசாலி அவனைப் பார்க்கவில்லை, அச்சிமுகம்மதைத்தான் பார்த்தார்.

"குழம்பல்ல. இந்த ஊட்ட முழுசாக் குடுத்த ஆள் நான்தான். இப்ப ஹோம்ல இரிக்கன். ஆரும் என்னத் துரத்தல்ல. ஒரு கட்டில் போட எடமில்ல, அவ்வளவுதான். அந்தப் பின்னறை என்ட மகள்ட பேர்ல இரிக்கட்டும். மத்த எல்லாத்தையும் எடுங்க."

சமையலறைச் சீலைக்குப் பின்னால் நின்ற நஸ்லினின் கால் மட்டும் தெரிந்தது. அது அசையவில்லை. தேத்தண்ணி ஆறி ஆடை படிந்தது. கடைசியில் அச்சிமுகம்மது எழும்பி, வீட்டில் கதைத்துவிட்டுச் சொல்கிறோம் என்றார். அவருடைய ஆட்கள் செருப்பு மாட்டப் போனார்கள். அவர் மட்டும் அபூசாலிக்குக் கிட்ட வந்து குனிந்தார்.

"எனக்கும் நாலு பொம்புளப் புள்ள. அந்த ஹோம்ல சாப்பாடெல்லாம் எப்பிடி?"

"உப்பில்ல," என்றார் அபூசாலி.

ஸப்ரி கேற்றடிக்கு வரவில்லை. றுஸ்தா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நஸ்லின்தான் த்ரீவீல் பிடித்து அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். காரைதீவுச் சந்தி வரைக்கும் வயல்தான், இரண்டு பக்கமும் அறுத்துக் காய்ந்து கிடந்தது. கடல் காற்று அடிக்கத் தொடங்கிய இடத்தில்தான் நஸ்லின் வாய் திறந்தாள்.

"இது முறிஞ்சா றுஸ்தா என்ன மன்னிக்க மாட்டாள் வாப்பா."

"ஓம்."

"முறியாட்டி?"

"அறை ஒனக்கு."

கொஞ்ச தூரம் போனபிறகு அவள், அந்த அறைக்கு ஜன்னலும் இல்லையே என்றாள். மேசனைப் பிடித்து ஒன்று வெட்டு என்றார். அவள் அவரை ஹோம் வாசலில் இறக்கிவிட்டு அதே த்ரீவீலில் திரும்பிப் போனாள்.

மஃரிபுக்கு இன்னும் நேரம் இருந்தது. அபூசாலிக்கு முதுகு நொந்தது. உடுப்பைக்கூட மாற்றாமல் நேரே ஜன்னலோரத்துக்குப் போனார். சொன்ன சொல் தவறாமல் றெமிஜியஸ் அங்கேயே கிடந்தார். வாயைத் திறந்துகொண்டு நல்ல நித்திரை. அபூசாலி தலைமாட்டில் போய் நின்றார்.

ஆள் நிற்பது தெரிந்து றெமிஜியஸ் கண்ணைத் திறந்தார். கையை ஊன்றி, முக்கி முனகி எழும்பத் தொடங்கினார்.

அபூசாலிக்கு விறாந்தைக் கதிரை ஞாபகம் வந்தது.

"படு, படு. எழும்பாத," என்றார்.

போய்க் கக்கூசு வாசலில் கிடந்த கட்டிலில் சேட்டோடு சாய்ந்தார். மெத்தை நடுவில் பள்ளம். மேலே சுவரில் காற்றாடி கிர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. வெகு நேரம் பார்த்துக்கொண்டு கிடந்தார். அதன் காற்று அந்தப் பக்கமும் வரவில்லை.