மணல் சூடு பார்க்கிறவர்

வெயில் காலத்தில் அந்தக் கடற்கரைக்கு ஒரு வழக்கம் உண்டு. பதினொரு மணிக்குக் காவலர் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நின்று பத்து வரை எண்ணுவார். அதற்குள் கால் சுட்டால் சிவப்புக் கொடி ஏறும். அப்புறம் செருப்பில்லாமல் ஒருத்தரும் மணலில் இறங்கக் கூடாது. கருவி கிருவி எதுவும் கிடையாது. காவலரின் உள்ளங்கால்தான் கருவி.

அந்த உள்ளங்கால் மரத்துப்போய் ஒரு வருஷமாகிறது என்பது அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். சர்க்கரை வியாதி. வெந்நீர் காலில் கொட்டியும் மனுஷன் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கிளிஞ்சல் குத்தினாலும் அசராமல் நடப்பதைப் பார்த்து, கூட வேலை பார்ப்பவர்கள் 'இரும்புக்கால்' என்று பேர் வைத்தார்கள். அதில் அவருக்குப் பெருமை வேறு.

"ஆபீஸ்ல சொல்லிடுங்க" என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள்.

"சொன்னா வீட்டுல உக்கார வச்சிருவாங்க. உக்காந்து உன் மூஞ்சியவா பாத்துட்டு இருக்கச் சொல்ற?"

கடைசியில் அவளே ஒரு ஏற்பாடு செய்தாள். கடற்கரை ஓரத்தில் அவளுக்குச் செருப்புக் கடை. தன் காலை மணலில் வைத்துப் பார்ப்பாள். சுட்டால் கடைக் கதவில் சிவப்புத் துண்டு தொங்கும். அவர் எண்ணுகிற மாதிரி எண்ணி, ஓரக்கண்ணால் துண்டைப் பார்த்து, "அப்பப்பா!" என்று காலை உதறிக் கொடியேற்றுவார். நடிப்பில் மட்டும் குறையே வைக்கமாட்டார்.

அன்று காலை வீட்டில் பெரிய சண்டை. டாக்டரிடம் வாங்க என்றதற்கு, "என் கால் எனக்குத் தெரியும், நீ உன் வேலையப் பாரு" என்று எரிந்து விழுந்தார். சரி, என் வேலையையே பார்க்கிறேன் என்று அவள் கறுவிக்கொண்டாள். பதினொரு மணிக்கு அவளால் மணலில் கால் வைக்க முடியவில்லை. துண்டு பெட்டிக்குள்ளேயே கிடந்தது. ஒரு நாள் மாட்டிக்கொண்டு முழித்தால்தான் இந்த மனுஷனுக்குப் புத்தி வரும் என்று நினைத்தாள். குழந்தைகளை அவள் நினைக்கவே இல்லை. அதுதான் கொடுமை.

அவர் பத்து எண்ணினார். கடைப் பக்கம் பார்த்தார். இன்னொரு பத்து எண்ணினார். கொடி ஏறவில்லை.

நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று வெறுங்காலோடு கடலை நோக்கி ஓடியது. பாதி வழியில் நின்று அலறியது. முன்னே போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. செருப்புக்கடைக்காரிதான் பாய்ந்து போய்த் தூக்கினாள். இரண்டு பாதமும் கொப்பளித்திருந்தன. தண்ணீர் ஊற்ற ஊற்றக் குழந்தை வீறிட்டது.

ஓடிவந்த கடற்கரை மேலாளர் குழந்தையின் தாயைத்தான் கடிந்தார். "இருபது எண்ணுற வரைக்கும் நின்னாரும்மா, நானே பாத்தேன். மணல் சுடல."

தாய் காவலரின் காலைக் காட்டினாள். உள்ளங்காலில் தோல் உரிந்து, ஓரமெல்லாம் மணல் அப்பியிருந்தது. அவரும் அப்போதுதான் குனிந்து பார்த்தார்.

"கால்ல உணர்ச்சி போயி ஒரு வருஷமாச்சு சார். நான்தான் மறைச்சேன்." துண்டைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. மேலாளர் கொடியை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் காலுக்குக் கட்டுப் போட்டு முடிந்தபின் அவர் மனைவியிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"துண்டு போட மறந்துட்டியா?"

கோபமாகக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாள்.

"ஆமா, மறந்துட்டேன்."

"சரி விடு" என்று அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "உனக்கும்தான் எத்தனை வேலை."