நாக்குக்குக் கீழே ஒரு சவ்வு

அன்றைக்கும் பால்சுறாதான். அனிஸ்ரன் கடலால் வந்த கையோடு மீன்பையைக் குசினி வாசலில் வைத்துவிட்டு, பெரிய காரியம் செய்தவன் போலக் கட்டிலில் இருந்த மனைவியைப் பார்த்துச் சிரித்தான். கலிஸ்ரா மூக்கைப் பொத்திக்கொண்டாள். பிள்ளை பிறந்ததிலிருந்து காலையில் சுறாவறை, மத்தியானம் சுறாக்குழம்பு, பின்னேரம் உள்ளி போட்ட சுறாப்புட்டு. மருமகளுக்குப் பால் சுரக்கவில்லை என்று மாமி இராசாத்தி யாரிடமோ சொல்லப்போக, அந்தக் கரையில் வள்ளம் வைத்திருந்த அத்தனை பேரும், தின்றால் பால் ஊறும் என்று, தங்கள் வலையில் பட்ட பால்சுறாவை இவள் வீட்டுக்கே அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். முல்லைத்தீவுக் கடலில் சுறா மிஞ்சியிருக்குமா என்பதே சந்தேகம்.

பால் இல்லையென்றால் சட்டை ஏன் இப்படி நனைகிறது? அதை யாரும் கேட்கவில்லை. மகன் ஜெனோசன் வாய் வைப்பான், பல் முளைக்காத முரசால் கடிப்பான், நழுவுவான், பிறகு வீடு அதிர அழுவான். காம்பு வெடித்து இரத்தம் கசிந்தது. அவன் அழத் தொடங்கினாலே அவளுக்குக் கால்விரல்கள் மடங்கிக்கொள்ளும். பெற்ற பிள்ளையின் பசிக்குப் பயப்படுகிற தாயும் உண்டா என்று தன்னையே வெறுத்தாள். பிள்ளையோ நாளுக்கு நாள் மெலிந்துகொண்டிருந்தான்.

"எனக்கும் உப்பிடித்தான் பிள்ளை," என்றாள் இராசாத்தி, சுறாவை உரித்தபடி. "அனிஸ்ரனுக்கு ஒரு சொட்டுக் குடுக்கேல்ல. பால்மாப்பேணி கண்ணிலயும் காணக் கிடைக்காத காலம். கஞ்சித்தண்ணியிலதான் வளத்தனான். பாலில்லாதவள் எண்டு சனம் கதைச்ச கதை! இப்பப் பால்மா கிடக்குத்தானே, நீ யோசிக்காத."

ஆறுதலாகத்தான் சொன்னாள். கலிஸ்ரா சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள்.

அடுத்த நாள் பிள்ளையைப் பார்க்க வந்த மருத்துவமாது சிவனேஸ்வரி, சுறாப்புட்டைச் சாப்பிடச் சொல்லி மாமி வற்புறுத்தியதைச் சிரித்துத் தட்டிவிட்டு, "பால் குடுங்கோ, பாப்பம்" என்று பக்கத்தில் குந்தினாள். பிள்ளை வாய் வைத்ததும் 'டக் டக்' என்று ஒரு சத்தம் வந்தது. கையுறை போட்ட விரலால் அவன் நாக்கைத் தூக்கிப் பார்த்தாள்.

"உங்களுக்குப் பாலுக்குக் குறைவில்ல. இஞ்ச பாருங்கோ, நாக்குக்குக் கீழ உள்ள சவ்வு நுனிவரைக்கும் வந்து பிடிச்சு வச்சிருக்கு. பிள்ளையால நாக்க நீட்டி உறிஞ்சேலாது."

"வெட்ட வேணுமோ மிஸ்?" கலிஸ்ரா கேட்டாள்.

"எல்லாருக்கும் வெட்டுறேல்ல. முதல் பிடிக்கிற விதத்த மாத்திப் பாப்பம்."

பிள்ளையை நிமிர்த்தி அணைத்து, வாயை அகலத் திறக்கவைத்துக் கொடுத்துப் பார்த்தாள் கலிஸ்ரா. மிச்சப் பாலைப் பீச்சிச் சின்னக் கோப்பையால் பருக்கினாள். பிள்ளை கொஞ்சம் தெளிந்தான். ஆனால் காம்பு ஆறவில்லை, நிறையும் ஏறுவதாயில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

டொக்டர் இளம்பெண். "இப்பிடியே கோப்பையால குடுத்துக்கொண்டு பொறுத்துப் பாக்கலாம், சிலருக்கு வளர வளரச் சரிவரும். இல்லாட்டி இப்பவே ஒரு சின்ன வெட்டு. கெதியா முடிஞ்சிடும், உடன பால் குடுக்கலாம்."

"நாக்கில கத்தரிக்கோலோ? பிள்ளை ஊமையாப் போயிடுவான்!" இராசாத்தி பேரனை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"நாக்கில கை வைக்கமாட்டம் அம்மா, சவ்வைத்தான்." டொக்டர் அனிஸ்ரனின் பக்கம் திரும்பினாள். "நீங்கள் ஒருக்கா நாக்க நீட்டுங்கோ."

அவன் வெட்கத்தோடு நீட்டினான். அது கீழுதட்டைத் தாண்டவில்லை. டொக்டர் சிரித்தாள். "அப்பாவின்ர முதுசம்போல! இவர் சின்னனில தாய்ப்பால் குடிச்சவரோ?"

"இல்ல," என்றாள் இராசாத்தி. "எனக்குத்தான் பால் இல்லயே."

"இருந்திருக்கும் அம்மா. இவரால எடுக்கேலாமப் போயிருக்கலாம். இப்ப நிச்சயமாச் சொல்லேலாது."

இராசாத்தி மகனைத் திரும்பிப் பார்த்தாள். பேரனை அணைத்திருந்த கை மெல்லத் தளர்ந்தது. கலிஸ்ரா பிள்ளையை வாங்கினாள். "வெட்டுங்கோ டொக்டர்" என்றாள்.

உள்ளே ஒரு வீரிட்ட அழுகை கேட்டது. அனிஸ்ரன் சிலுவைக்குறி போட்டு முடிக்குமுன் தாதி பிள்ளையைக் கொண்டுவந்துவிட்டாள். துணியில் பொட்டளவு இரத்தம். வாங்கிலில் அமர்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கலிஸ்ரா அவனை நெஞ்சோடு சேர்த்தாள். இரண்டு தரம் நழுவினான். மூன்றாம் தரம் கவ்வினான். காம்பு கொஞ்சம் எரிந்தது, ஆனால் அந்தக் கடி இல்லை. 'டக் டக்' கேட்கவில்லை. மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. கால்விரல்கள் நீட்டியபடியே இருந்ததை அவள் பிறகுதான் கவனித்தாள். சந்தோஷத்தில் கணவனைக் கூப்பிட நிமிர்ந்தாள்.

அவன் எதிர்ச்சுவரோரம் தாயின் முன்னால் குனிந்து நின்றான்.

"நீட்டடா."

"சனம் பாக்குதம்மா."

"நீட்டு."

அத்தனை பேருக்கு முன்னால், தாடி வைத்த அந்தக் கடற்தொழிலாளி வாயைத் திறந்து, முடிந்தமட்டும் நாக்கை நீட்டினான். இராசாத்தி அவன் நாடியை ஒரு கையால் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, விடாமல் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுடைய மற்றக் கை சேலைக்கு மேலாகத் தன் நெஞ்சில் போய் இருந்தது.