முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

என் சகலைக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சண்டை போடுவதற்கு மட்டும் பேசுவோம். அதனால் தினமும் பேச வேண்டியிருந்தது. அக்காவை அவர் கட்டினார், தங்கையை நான் கட்டினேன். அது போதாதென்று ஒரே அலுவலகத்தில் எதிரெதிர் மேசை வேறு. நகரப் பேருந்துகளின் நேர அட்டவணைக்குப் புரோகிராம் எழுதுவது எங்கள் வேலை.

ஒரு திங்கட்கிழமை மேலாளர் அம்மா எங்கள் நடுவில் வந்து நின்றார்.

"பழைய மொழிக்கு முழுக்குப் போட்டாச்சு. இனிமே எல்லாப் புரோகிராமும் புது மொழியிலதான். ஆறு வாரம் டைம். ரெண்டு பேருக்கும் ஒரே பரீட்சை. ஜெயிக்கிறவருக்கு இந்த வேலை."

"தோத்தவருக்கு?" என்றார் சகலை, என்னைப் பார்த்துக்கொண்டே.

"தொலைஞ்ச பொருள் பிரிவு."

அது நிலவறையில் இருந்தது. பயணிகள் விட்டுப்போன குடைகள் கூரை முட்டக் கிடக்கும். முன்பு அங்கே அனுப்பப்பட்ட ஒருவரைக் குடைகளுக்கு நடுவிலிருந்து தேடி எடுக்கப் பதினோரு நாள் ஆனது. எடுத்தபோது அவருக்குச் சூரியனை அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது. எனக்கு ஓய்வு பெற நான்கு வருடம் பாக்கி. ஜன்னலோர நாற்காலியை விட்டு இறங்குவதாக இல்லை.

அலுவலக நூலகத்தில் புது மொழிக்கு ஒன்பது புத்தகங்கள் இருந்தன. ஆளுக்கு ஒன்றுதான். கையெழுத்துப் போட்டு எடுத்துவிட்டால் பரீட்சை முடியும்வரை மாற்றித் தரமாட்டார்கள். இணையம் அப்போது மேலாளர் அறைக்கு மட்டும் வந்திருந்தது, அதுவும் சீட்டாடுவதற்கு.

நல்ல புத்தகம் எடுக்க என்னிடம் ஒரு வழி உண்டு. அட்டையையும் முன்னுரையையும் பார்க்கமாட்டேன். புத்தகத்தை மூடிவைத்து, ஓரத்து அழுக்கைப் பார்ப்பேன். முதல் இருபது பக்கம் கறுத்து மீதி வெள்ளையாக இருந்தால், படித்தவர்கள் எல்லாரும் அங்கேயே உயிரை விட்டார்கள் என்று அர்த்தம். கடைசிவரை அழுக்கு ஏறியிருந்தால் யோசிக்காமல் எடுக்கலாம். உள்ளே பென்சில் குறிப்புகளும் இருந்தால் அதைவிட விசேஷம் இல்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் இதை உணவறையில் நாலு பேரிடம் பெருமையடித்தேன். நாலாமவர் சகலை.

மறுநாள் எனக்குக் கண் அறுவைச் சிகிச்சை. இரண்டு வாரம் விடுப்பு.

திரும்பி வந்து நூலகத்துக்குப் போனால், மூன்றாவது தட்டில் செங்கல் கனத்தில் ஒரு புத்தகம். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை அழுக்கு. காப்பிக் கறை, எண்ணெய் விரல், ஓரமெல்லாம் பென்சில். அறுநூற்று நாற்பதாம் பக்கத்தில் ஒரு கொசு நசுங்கியிருந்தது. கொசுவே அதுவரை வந்திருக்கிறதென்றால் எப்பேர்ப்பட்ட புத்தகம்! கையெழுத்துப் போட்டேன்.

மேசைக்கு வந்து ஒன்பதாம் பக்கத்து உதாரணத்தை அச்சில் உள்ளபடியே கணினியில் அடித்தேன். ஓடவில்லை. பதினோராம் பக்கமும் ஓடவில்லை. பதினான்காம் பக்கத்துக்குக் கணினியே நின்றுவிட்டது. எழுதினவர் அந்த மொழியைத் தூரத்தில்கூடப் பார்த்ததில்லை போலும்.

அப்போதுதான் பென்சில் கையெழுத்தைக் கவனித்தேன். ஏழுக்கு நடுவில் ஒரு கோடு. ஏழின் வயிற்றில் குத்துகிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

"என்ன சகலை," என்றது எதிர் மேசை. "புஸ்தகம் நல்லா அழுக்கா இருக்கா?"

"நீங்க பண்ண வேலையா இது?"

"ரெண்டு வாரம், சகலை. பக்கம் பக்கமா. கொசு பிடிக்கத்தான் கொஞ்சம் சிரமமாப் போச்சு."

"நீங்கல்லாம் விளங்குவீங்களா?"

"நான் விளங்குறேனோ இல்லையோ, நீங்க கீழ போய்க் குடை எண்ணுங்க. மழைக்கு ஒதுங்கத் தோதான இடம்."

நூலகரிடம் ஓடினேன். அவர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "இதை இதுவரைக்கும் ஒருத்தரும் எடுத்ததில்ல சார். உங்க சகலை ரெண்டு வாரமா இங்கயே உக்காந்து பொரட்டிட்டிருந்தார். ஆசையாப் படிக்கிறார்னு நெனச்சேன். மாத்தித் தர முடியாது."

வீட்டில் மனைவியிடம் புலம்பினேன்.

"அத்தான் எதையும் அரைகுறையா செய்ய மாட்டாரே," என்றாள், பெருமையாக.

அந்த வார்த்தை மண்டையைக் குடைந்தது. மறுநாள் ஒன்பதாம் பக்கத்தை அச்சில் உள்ளபடி அடிக்காமல், பென்சிலில் உள்ளபடி அடித்தேன். ஓடியது. பதினொன்றும் ஓடியது. பதினான்கு நாலுகால் பாய்ச்சலில் ஓடியது.

நடந்தது இதுதான். பலர் படித்த புத்தகம்போல் காட்டுவதற்காக, மனிதர் ஓரத்தில் எதையாவது கிறுக்க உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அது முப்பது வருடம் புரோகிராம் எழுதின கை; தனக்கென்று எடுத்த நல்ல புத்தகமும் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. தப்பான வரியைத் திருத்தாமல் பக்கத்தைப் புரட்ட அதனால் முடியவில்லை. என்னை ஒழித்துக்கட்ட வந்த இடத்தில் ஆயிரத்து இருநூறு பிழைகளைத் திருத்திவிட்டுப் போயிருக்கிறார். அதைவிட நல்ல பாடப்புத்தகத்தை நான் இன்றுவரை பார்க்கவில்லை.

முகத்தை மட்டும் தொங்கப் போட்டுக்கொண்டு நாலு வாரம் படித்தேன்.

பரீட்சையில் பதினேழாம் எண் பேருந்தின் அட்டவணையை எழுதச் சொன்னார்கள். மேலாளர் அம்மா இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"யாரு யாரைப் பார்த்து எழுதினீங்க? வரிக்கு வரி ஒண்ணா இருக்கே?"

"இந்த ஆளு மூச்சுக்காத்துகூட என்மேல படாது மேடம்," என்றார் சகலை.

ஒரே ஒரு வரி மாறியிருந்தது. இரவு பதினொன்று ஐம்பதுக்குக் கிளம்பி அரைமணியில் போய்ச்சேரும் கடைசிப் பேருந்து, சகலையின் புரோகிராமில் கிளம்புவதற்கு இருபத்து மூன்றரை மணி நேரம் முன்பே போய்ச்சேர்ந்தது. என்னுடையது மறுநாள்தான் சேர்ந்தது. நாற்காலி எனக்கு.

"முந்நூத்துப் பன்னெண்டாம் பக்கத்துல உங்க திருத்தம் தப்பு, சகலை," என்றேன். "அது ஒண்ணுதான். அதை மட்டும் நான் திருத்தினேன்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க இன்னொரு கண்ணுக்கும் அறுவை செய்துகொள்ளலாம்.

"பென்சிலைப் படிச்சீங்களா?"

"அச்சைப் படிக்க முடியலையே."

"அதுல தப்பே கெடையாது. புஸ்தகத்தை எடுங்க, பாப்போம்!"

எடுப்பேனா? பதினேழாம் எண் பேருந்தில் புத்தகம் தொலைந்துவிட்டது என்று நூலகருக்கு எழுதிக் கொடுத்தேன். அந்தக் கடிதம் முறைப்படி நிலவறைக்குப் போனது. சகலை அங்கே கிடந்த அத்தனை குடைகளையும் ஒவ்வொன்றாக விரித்துத் தேடினார் என்று கேள்வி.

மழைக்காலத்தில் ஒருநாள் என் குடையை அதே பதினேழாம் எண் பேருந்தில் விட்டுவிட்டேன். கீழே போய்க் கேட்டேன். அது அவர் தலைக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"பதினேழுல தொலைஞ்ச பொருள் எதுவும் இன்னும் வரலையே, சகலை," என்றார். "மொதல்ல அந்தப் புஸ்தகம் வரட்டும்."

நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனேன். பையிலிருந்த புத்தகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பிளாஸ்டிக் உறை போட்டிருந்தேன்.