மிக்கேலின் கார் லேத்து

சூரமங்கலத்தில் மிக்கேல் வீட்டுக் கொல்லையில் ஒரு கார் செத்துக் கிடக்கிறது என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். கார் சாகவில்லை, வேறு வேலைக்கு வந்திருக்கிறது என்பார். பழைய இரும்புக் கடையிலிருந்து மாட்டுவண்டியில் ஏற்றிவந்த அந்தக் காரின் சாமான்களை வைத்து அவர் ஒரு லேத்து செய்திருந்தார்.

லேத்தில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. இரும்போ பித்தளையோ ஒரு துண்டைப் பிடித்துச் சுழலவிட வேண்டும். கூரான உளியை அதன்மேல் பதிக்க வேண்டும். துண்டு சுற்றச் சுற்ற உளி அதை உருளையாகச் சீவிவிடும். ஆக, ஆடாமல் சுழல்கிற ஒன்றும் ஆடாமல் நிற்கிற ஒன்றும் இருந்தால் போதும். ஆடாமல் சுழல்வதற்கென்றே பிறந்தது காரின் பின் அச்சு. மிக்கேல் அதைப் பாதியாக அறுத்து, பேரிங்கோடு தூக்கி நிறுத்தினார். சக்கரம் மாட்டுகிற இடத்தில் போல்ட்டுகள் தயாராக இருந்தன. சக்கரத்துக்குப் பதிலாகக் கடைய வேண்டிய துண்டை அங்கே முடுக்கினார். காரின் சட்டத்தை வெட்டிச் சிமெண்டில் பதித்ததும் லேத்துக்கு உடம்பு வந்துவிட்டது. காரைத் தூக்கும் ஜாக்கியின் திருகு உளியை முன்னும் பின்னும் நகர்த்தியது. தேய்ந்த அரம் ஒன்றைத் தீட்டியதுதான் அந்த உளி. அடியில் எஞ்சினின் கனத்த சக்கரம், அதைச் சுற்ற ஒரு மிதிகட்டை, அங்கிருந்து மேலே அச்சுக்கு ஒரு கித்தான் பெல்ட்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே மிக்கேல் கடைசல் பட்டறையில் வேலை பார்த்தவர். போன வருஷம் வந்த விஷக்காய்ச்சல் உயிரை விட்டுவிட்டுக் காதை எடுத்துக்கொண்டு போயிற்று. கடைசல்காரருக்குக் காது பெரிய கருவி. உளி ஒழுங்காகச் சீவும்போது ஒரு சத்தம், மழுங்கினால் வேறு சத்தம். காது கேட்காதவரை ஓடும் எந்திரத்தின் முன் நிறுத்தப் பட்டறை முதலாளிக்கு மனம் துணியவில்லை. வேலை போன பிறகுதான் மிக்கேல் கொல்லையில் இந்த லேத்தைக் கட்டினார்.

மனைவி இன்பமேரியின் அண்ணன் அமிர்தசாமிக்குக் கெங்கவல்லியில் நிலக்கடலை மண்டி. இங்கேயே வந்து காவலுக்கு இருங்கள், சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று கூப்பிட்டார்.

“செவிட்டுக் காவக்காரன்னா திருடனுக்கல்ல சௌரியம்” என்று மிக்கேல் சிரித்தார். அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

கடைசியில் ஒரு பேச்சு முடிவாயிற்று. நாமக்கல் பக்கத்து விவசாயி வெள்ளியங்கிரி, கிணற்றடி ஆயில் எஞ்சினுக்கு ஒரு பித்தளை புஷ் கேட்டிருந்தார். சுழலும் தண்டைச் சுற்றி வளையலைப் போல இருந்து அதைத் தாங்குவது புஷ். அது சரியாக அமைந்தால் ஊரிலுள்ள எஞ்சின்காரர்கள் எல்லாரையும் மிக்கேலிடம் அனுப்புவதாகச் சொன்னார். அமையாவிட்டால் பாஸ்கு என்னும் ஈஸ்டர் பண்டிகைக்கு மறுநாள் இருவரையும் கூட்டிப்போக அமிர்தசாமி லாரியோடு வருவார்.

அமையவில்லை. புஷ்ஷின் உட்புறம் வழவழவென்று இருக்க வேண்டும். மிக்கேல் கடைந்ததிலோ விரல் வைத்தால் வரிவரியாக நெருடியது. வரி இருந்தால் தண்டு உரசிச் சூடேறி, புஷ் உருகிப் போகும். எங்கேயோ ஏதோ இடிக்கிறது. தொட்டுப் பார்த்தால், மிதிக்கிறபோது எல்லாமே அதிர்ந்தது. பேரிங்தான் குற்றவாளி என்று அதைப் பிரித்தார், கழுவினார், கிரீஸ் வைத்து மூடினார். மறுபடியும் வரி. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பித்தளை சீவலாகக் கொட்ட, கடைசி ஒரு சீவலுக்குத்தான் மிச்சம் இருந்தது.

பண்டிகைப் பூசையில் அவர் வழக்கம்போலப் பாடினார். காய்ச்சலுக்குப் பிறகு கோயிலில் இன்பமேரி அவர் பக்கத்தில் நின்று, மற்றவர்கள் பாடுகிற தாளத்தை அவர் மணிக்கட்டில் தட்டுவாள். அதைப் பிடித்துக்கொண்டு அவரும் பாடுவார். தாளம் தப்பாது, ராகம் மட்டும் அவருடைய சொந்தம். முன்னால் நின்ற குஞ்சம்மாள் திரும்பிப் பார்த்து வாயைப் பொத்தினாள்.

“அவரு சாமிக்குப் பாடறாரு, உனக்கில்ல” என்றாள் இன்பமேரி.

மறுநாள் காலையில் லாரி வந்தது. அமிர்தசாமி டிரங்குப் பெட்டியை ஏற்றிக் கயிறு கட்டினார். மிக்கேல் கொல்லைக்குப் போய், புஷ்ஷில் உளி படாமல் சும்மா லேத்தை மிதித்துக்கொண்டிருந்தார். இன்பமேரி பின்னால் வந்து அவர் தோளில் கை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கை தட்டத் தொடங்கியது. ஆறுதல் சொல்கிறாள் என்று முதலில் நினைத்தார். ஆனால் ஆறுதல் இவ்வளவு ஒழுங்காக வராது. மிதிப்பதை நிறுத்தித் திரும்பினார்.

“என்ன தட்டற?”

அவருக்குப் புரியும்படி உதட்டைத் தெளிவாக அசைத்துச் சொன்னாள். “டொக்கு டொக்குன்னு கேக்குதுங்க. கை பழக்கத்துல தாளம் போட்டுட்டேன்.”

“எப்பருந்து கேக்குது?”

“மொதல்ல இருந்தேங்க. லேத்துன்னா அப்படித்தான் சத்தம் போடும்னு நெனச்சேன். நீங்க கேக்கவும் இல்ல.”

மிக்கேல் அவள் கையை எடுத்துத் தோளில் திரும்ப வைத்தார். “கோயில்ல தட்டற மாதிரியே தட்டு. ஒண்ணு கூட விடாத.”

மிதித்தார். அச்சில் கோளாறு இருந்தால், மேலே அச்சு வேகமாகச் சுற்றுவதால் தட்டும் படபடவென்று வர வேண்டும். கீழ்ச் சக்கரம் என்றால் ஒரு மிதிக்கு ஒரு தட்டு. தோளில் விழுந்ததோ அதைவிட மெதுவாக, இரண்டு மிதி தாண்டிய பிறகுதான் ஒன்று. இவ்வளவு மெதுவாகச் சுற்றிவருவது லேத்தில் ஒன்றே ஒன்றுதான். மிக்கேல் பெல்ட்டைப் பார்த்தார். அதன் இரு முனையும் சேர்கிற மூட்டு, மேலே அச்சிலிருந்த சின்னக் கப்பியைத் தாண்டும்போதெல்லாம் தோளில் தட்டு விழுந்தது.

அந்த முனைகளை அவர் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கொடுத்தார், தைத்தவள் இன்பமேரி. அவள் முகம் வாடிவிட்டது. “பிரிஞ்சுறக் கூடாதுன்னு ரெட்டைத் தையலாப் போட்டனே…”

“உந்தையல் நல்ல தையல். தடிப்பா அடுக்கிக் குடுத்தது நானு.”

கித்தான் பெல்ட் பல அடுக்காக ஒட்டியது. மிக்கேல் ஒரு முனையில் மேல் அடுக்குகளையும் மறுமுனையில் கீழ் அடுக்குகளையும் உரித்தார். இப்போது இரண்டும் சேர்ந்தாலும் ஒரு பெல்ட்டின் கனம்தான். இன்பமேரி நூலுக்கு மெழுகு பூசித் தைத்தாள். வெயில் ஏறுகிறது, ஆத்தூர் தாண்ட வேண்டாமா என்று கேட்க வந்த அமிர்தசாமி, தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்துப் போட்ட தொட்டிமேல் உட்கார்ந்துகொண்டார்.

கடைசிச் சீவல். மிக்கேல் மிதித்துக்கொண்டே ஜாக்கித் திருகை மெல்லத் திருப்பினார். பித்தளை பொன் மயிராகச் சுருண்டு விழுந்தது. தோளில் கை இருந்தது. அது அசையவேயில்லை. உளி புஷ்ஷின் மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தது. அவருக்குப் பயம் வந்து திரும்பிப் பார்த்தார்.

“ஏன் தட்டல?”

“தட்டறதுக்கு ஒண்ணுமில்லீங்க” என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது.

அமிர்தசாமி புஷ்ஷை வாங்கி உள்ளே விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். வெளியே போய்க் கயிற்றை அவிழ்த்தார். டிரங்குப் பெட்டியைத் தானே தோளில் தூக்கிவந்து வீட்டுக்குள் வைத்துவிட்டு, மிக்கேலுக்கு எதிரே வந்து நின்று உதட்டை நிதானமாக அசைத்தார்.

“மாப்பிள்ளை, மண்டியில தராசு முள்ளோட அச்சு தேஞ்சு கெடக்கு. அடுத்த லோடுல அனுப்பட்டுமா?”

மிக்கேல் தலையாட்டினார். இன்பமேரி தோளிலிருந்து கையை இன்னும் எடுக்கவில்லை.