கல்யாணப் பத்திரிகையில் போட்ட எம்.ஏ.

பெரியநாயகி எம்.ஏ.வில் சேருவதற்கு முன்பே எம்.ஏ. ஆகிவிட்டாள். ஆக்கியவர் அவளுடைய மாமனார் கந்தசாமி. கள்ளக்குறிச்சி அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகையின் மாதிரித் தாளை வாங்கிப் பார்த்தார். மாப்பிள்ளை தீனதயாளன் பெயருக்குப் பின்னால் எம்.ஏ., பெண் பெயருக்குப் பின்னால் பி.ஏ. அவருக்கு மனம் ஒப்பவில்லை.

"ஒரு கால் கட்டையான நாற்காலியாட்டம் ஆடுதே! பொண்ணு தபால்ல எம்.ஏ. படிக்கப் போறேன்னுதான சொல்லிக்கினு இருக்குது? எப்படியும் படிக்கத்தான் போவுது. இப்பவே போட்டுட்டா இன்னா?"

பெண்ணைப் பெற்றவர் தலையாட்டினார். அச்சுக்காரருக்கென்ன, எழுத்தைக் கோத்துவிட்டார்.

கல்யாணத்துக்குச் சித்தியின் அட்டிகையை இரவல் வாங்கிப் போட்டிருந்தாள் பெரியநாயகி. மறுநாளே அதைத் துடைத்து, ரோஸ் தாளில் சுற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பெயருக்குப் பின்னால் தொங்கிய அந்த இரண்டு எழுத்தை யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

வெள்ளிமலையில் கந்தசாமிக்கு மளிகைக்கடை. வரலாற்றில் எம்.ஏ. முடித்துவிட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவதும் புதுப்பிப்பதுமாக இருந்த தீனதயாளன், அந்தக் கடையில்தான் உப்பும் புளியும் நிறுத்துக் கொடுத்தான். மலைக்காரர்கள் அதை 'எம்.ஏ. கடை' என்றார்கள். அவள் வந்த பிறகு 'ரெண்டு எம்.ஏ. கடை' ஆயிற்று.

தபாலில் பாடக்கட்டு வந்து இறங்கியபோது மாமியார் ராஜாம்பாள் உண்மையாகவே குழம்பிப் போனாள்.

"அதான் பத்திரிகையிலயே போட்டாச்சே. ஊரே நம்பிக்கினு கீது. இன்னும் இன்னாத்துக்கும்மா கண்ணக் கெடுத்துக்கினு படிக்கிற? சாப்ட்டு மடிச்ச எலையில யாராச்சும் மறுபடி சோறு போடுவாங்களா?"

"நான் இன்னும் சாப்பிடலீங்க அத்த."

தீனதயாளன் வேறு மாதிரி பேசினான். "நான் நெசமாவே படிச்சேன். படிச்சு இன்னா கிழிச்சேன்? புளி நிறுக்குறதுக்குப் பானிப்பட்டுப் போர் எதுக்கு? வளையல வித்துக் கட்டுற பணத்துக்கு ஒரு கறவ மாடு வாங்கினா, அது பாலாவது குடுக்கும்."

வளையல் போனது உண்மை. இரண்டு வருடமாக வயிற்றில் ஒன்றும் தங்காததற்கு, 'புத்தகத்த மடியில வச்சுக்கினே இருந்தா எப்படித் தங்கும்' என்று அக்கம்பக்கம் காரணம் கண்டுபிடித்ததும் உண்மை. படித்து முடித்தால் வேலை கிடைக்கும் என்று சொல்ல, எதிரில் உட்கார்ந்திருந்த புருஷனே தடையாக இருந்தான். பிறகு ஏன்?

இந்தக் கேள்வியை மற்றவர்களைவிட அவள்தான் அதிகம் கேட்டுக்கொண்டாள். வந்த புதிதில் கரியாலூர்ப் பெண் ஒருத்தி கடைக்கு வந்து, தன் மகளிடம், "பாத்துக்க, இந்த அக்கா எம்.ஏ." என்று காட்டினாள். அப்போது தன் முதுகு தானாக நிமிர்ந்ததைப் பெரியநாயகி கவனித்துவிட்டாள். மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. பொய் கசந்திருந்தால் அன்றைக்கே துப்பியிருப்பாள். அது இனித்தது. அந்த இனிப்புதான் அவளைப் பயமுறுத்தியது. இப்படியே இன்னும் பத்து வருடம் போனால், தான் படிக்கவில்லை என்பதே தனக்கு மறந்துபோகும் என்று தோன்றியது. ஒரே வழிதான் இருந்தது. அந்த எழுத்தை உழைத்துத் தன்னுடையதாக்கிக்கொள்ள வேண்டும்.

எல்லாத் தாளும் தேறி, ஒன்று மட்டும் மே மாதத்தில் தவறிப்போயிருந்தது: இந்திய அரசியலமைப்பு வரலாறு. அதை மறுபடி எழுதும் நாள் எண்பத்தேழாம் வருடம் புரட்டாசி பிறந்த வாரத்தில் வந்தது. படிப்பிலும் வேலையிலும் தங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டு, ஒரு வாரம் சாலை மறியல் என்று தீனதயாளனின் சாதிச் சங்கம் அறிவித்திருந்ததும் அதே வாரம்தான்.

தீனதயாளன் இரண்டு நாள் முன்பே கீழே, கச்சிராயபாளையத்தை ஒட்டிய சொந்த ஊருக்குக் கிளம்பினான்.

"ஒரு வண்டி நவுராது. அடுத்த தடவ எழுதிக்கலாம் நாயகி."

"நடந்து போவேன்."

"லூசா நீ?"

"நீங்க மறியலுக்குப் போறத நான் வேணாங்கல. எனக்கு வெள்ளிக்கிழம மத்தியானம் பரீச்சை."

வெள்ளிக்கிழமை விடியும் முன்பே கிழங்கு ஏற்றிக்கொண்டு போன ஒரு ஜீப்பில் அவள் மலையிறங்கினாள். கச்சிராயபாளையத்துக்குச் சற்று முன்னால் ஜீப் நின்றுவிட்டது. சாலைக்குக் குறுக்கே பெரிய புளியமரம் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தது. பச்சை இலை இன்னும் வாடவில்லை. கிளைகளில் உறவுக்காரப் பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தீனதயாளன்.

அவளைப் பார்த்ததும் அவன் எழுந்தான். ஆனால் மரத்தைவிட்டு இறங்கவில்லை.

ஒன்றுவிட்ட கொழுந்தன் சின்னக்கண்ணுதான் முதலில் வாயைத் திறந்தான். "இன்னா அண்ணி, பையும் கையுமா? அம்மா வூட்டுக்கா?"

"பரீச்சைக்கு. கொஞ்சம் தள்ளு, ஏறிப் போறேன்."

"இன்னா பரீச்சை?"

"எம்.ஏ."

"எத்தினி எம்.ஏ. அண்ணி படிப்பீங்க? அதான் கல்யாணத்தப்பவே முடிச்சிட்டீங்களே! பத்திரிகைய எங்கம்மா இன்னும் சாமி படத்துக்குப் பின்னால சொருகி வச்சிருக்குது."

சிரித்தார்கள். கேலி இல்லை, பிரியம்தான். ஒரு சிரிப்பை அவளும் சிரித்து, 'இது ரெண்டாவது எம்.ஏ.' என்று சொல்லியிருந்தால் போதும். கைகொடுத்துத் தூக்கி விட்டிருப்பார்கள். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்ததை அவள் பார்த்தாள். எவ்வளவு வழவழப்பாக வருகிறது!

"அது பொய்," என்றாள்.

யாருக்கும் புரியவில்லை.

"பத்திரிகையில போட்டது பொய் சின்னக்கண்ணு. நான் பி.ஏ.தான். ஒரு தாள்ல பெயில். அத எழுதத்தான் இப்பப் போறேன்."

சிரிப்பு நின்றது. ஒருவன் தீனதயாளனைப் பார்த்தான், பிறகு எல்லோரும் பார்த்தார்கள். அவன் முகம் கறுத்தது. மாமனார் இனி இந்த ஊருக்கு எந்த முகத்தோடு வருவார், ராஜாம்பாள் இரவு என்ன சொல்லி அழுவாள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது. வளையலைவிடப் பெரிய விலை இதுதான் என்றும் தெரிந்தது. கொடுத்தாகிவிட்டது.

செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளையைப் பிடித்து ஏறினாள். யாரும் தடுக்கவில்லை, கை கொடுக்கவும் இல்லை. மறுபக்கம் குதிக்கும்போது புடவை ஒரு சிராயில் மாட்டி, முந்தானை ஓரம் கிழிந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

வழியெங்கும் மரங்கள். ஏறினாள், குனிந்தாள், கரும்புத் தோட்டத்துக்குள் இறங்கிச் சுற்றிப் போனாள். கரும்புச் சோகை கையைக் கீறியது. வெயில் உச்சிக்கு வரும்போது கள்ளக்குறிச்சி தெரிந்தது.

பரீட்சை நடக்க வேண்டிய பள்ளிக்கூடத்தின் கதவு பூட்டியிருந்தது. உள்ளேயிருந்து காவல்காரர் எட்டிப் பார்த்தார்.

"பரீச்சைய தள்ளி வச்சுட்டாங்கம்மா. காலையில ரேடியோல சொன்னாங்களே, கேக்கலியா?"

"எப்ப வைப்பாங்க?"

"தேதி பின்னாடி சொல்வாங்களாம்." அவளுடைய காலைப் பார்த்தார். "எங்கேர்ந்து வர்ற?"

"வெள்ளிமலை."

அவர் உள்ளே போய், ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கம்பி வழியாக நீட்டினார். குடித்தாள். அழுகை வரும் என்று காத்திருந்தாள்; வரவில்லை. அங்கேயே நிழலில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சஞ்சோற்றை முழுவதும் சாப்பிட்டாள். பசித்தது. மனம் விசித்திரமாக லேசாக இருந்தது. எழுதியிருந்தால்கூட, தேறினோமா இல்லையா என்று பயந்துகொண்டேதான் திரும்பியிருப்பாள். எழுதாமலே ஒன்று முடிந்துவிட்டது. இரவல் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. இனி வேண்டியது சொந்தமாக ஒன்று.

திரும்பும்போது பாதி வழியில், விழுந்து கிடந்த வேப்பமரத்துக்கு அந்தப்பக்கம் ஒருவன் சைக்கிளைத் தூக்கித் தாண்டத் தடுமாறிக்கொண்டிருந்தான். தீனதயாளன்.

"ரேடியோல..." என்று ஆரம்பித்தான். மூச்சு வாங்கியது. "உன்கிட்ட சொல்லலாம்னு வந்தேன்."

"பூட்டியிருந்துச்சு. பாத்துட்டேன்."

அவன் சைக்கிளை மரத்தில் சாய்த்தான்.

"அத்தினி பேர் எதிர்ல சொல்லணுமா?"

"வேற எப்ப சொல்றது? அத்தினி பேருக்கும்தான பத்திரிகை வச்சோம்?"

அவன் கோபம் போகவில்லை என்பது தாடையில் தெரிந்தது. ஆனாலும் சைக்கிளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "ஏறு" என்றான். அவள் மரத்தைத் தாண்டி வந்து பின்னால் உட்கார்ந்தாள். அடுத்த மரம் வந்ததும் இறங்கி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சைக்கிளைத் தாண்டவைத்தார்கள். அதற்கடுத்த மரத்திலும் அப்படித்தான். மூன்றாவது மரம் தாண்டிய பிறகு, முன்னால் பார்த்தபடியே கேட்டான்.

"எந்தத் தாளு?"

"அரசியலமைப்பு."

"மே மாசம் எதுல கோட்ட வுட்ட?"

"திருத்தங்கள்ல."

சைக்கிள் கொஞ்ச தூரம் போனது. அவன் படித்ததைப் பற்றி வாய்திறந்து வருடக்கணக்காகிறது. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"பதினஞ்சாவது பிரிவு, நாலாவது உட்பிரிவு. எப்ப வந்துச்சு?"

"முதல் திருத்தத்துல. மெட்ராஸ் வழக்குக்கு அப்புறம். படிப்புல இடம் ஒதுக்கலாம்னு."

"வருஷம் கேட்டேன்."

அவள் யோசித்தாள். "அம்பது."

"தப்பு. அம்பத்தொண்ணு. இதுக்குத்தான் பெயில் போட்டான்."

"சரி. அடுத்தது கேளுங்க."

கேட்டுக்கொண்டே வந்தான். சிலதுக்குச் சொன்னாள், சிலதுக்கு அவனே தடுமாறினான். பொழுது சாயும்போது அந்தப் புளியமரம் வந்துவிட்டது. பையன்கள் இன்னும் அங்கேயே இருந்தார்கள். இலைகள் வாடியிருந்தன. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சின்னக்கண்ணு மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான்.

"எழுதிட்டீங்களா அண்ணி?"

"இல்ல. தள்ளி வச்சுட்டாங்க."

"அய்ய... அப்ப போனதெல்லாம் வீணா?"

"தேதி சொல்வாங்க. மறுபடி வருவேன். அன்னிக்கும் மரம் கிடந்தா மறுபடி ஏறுவேன்."

சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினாள்.